வெள்ளைப் பூ வந்தால் பினாங்கு

என் அப்பா எங்கள் கோயிலுக்குச் செயலாளர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடிந்ததற்குக் காரணம் நான்.

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக்குப் பின்னால், மோட்டார்சைக்கிள் பட்டறைகளுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட சின்ன மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. சின்னதாக இருந்தாலும் முறையாகப் பதிவு பெற்ற கோயில். ஆண்டுக்கொரு பொதுக்கூட்டம், கூட்டக் குறிப்பு, மலாய் மொழியில் நிரப்பி அனுப்ப வேண்டிய அரசாங்கப் பாரங்கள் எல்லாம் அதற்கு உண்டு. அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். அம்மா காப்பிக்கடையில் மங்கு, தட்டு கழுவுகிறவர். இருவர் வீட்டிலும் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் கூச்சம் இருந்ததில்லை.

எனக்குப் பதினான்கு வயதானபோது அப்பா ஆட்களைக் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். அடையாளக் கார்டு தொலைத்தவர்கள், சேமநிதிப் பணத்துக்கு மனுப் போடுகிறவர்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டியவர்கள். “எம் மககிட்ட குடுங்க. பத்து நிமிசத்துல முடிச்சிக் குடுத்துடும்” என்பார். நான் மேசையில் எழுதுவேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவருக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பார். யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் ஆறாவது மாடியிலிருந்தும் ‘அண்ணே, அண்ணே’ என்று ஆட்கள் இறங்கி வந்தார்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் அவரைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

அவருக்கு மலாயும் ஆங்கிலமும் தெரியாது என்பது ஊருக்குத் தெரியும். தமிழும் படிக்கத் தெரியாது என்பது எங்கள் வீட்டு மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

கூட்டக் குறிப்பை நான் எழுதுவேன். கூட்டத்துக்கு முந்தைய வாரம் அப்பா என் எதிரில் உட்காருவார். நான் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். மூன்றாவது தடவை அவர் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை வரிகளின் மேல் ஓடவிட்டு, மனத்திலிருந்து ‘வாசிப்பார்’. ஒரு சொல் பிசகாது. எந்த இடத்தில் பக்கத்தைத் திருப்புவது என்பதையும் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு வாசிப்புக் கண்ணாடியைக் கூட்டத்துக்கென்றே வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு அவர் எழுந்து நிற்கும்போது, உண்மையாகவே படித்த மனிதர் போல இருப்பார். எனக்குப் பெருமையாகவும் இருக்கும். இது எங்கள் இருவருக்குள் இருக்கும் விஷயம் என்ற நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஐந்தாம் படிவம் முடித்தபின் டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் டிப்ளோமா படித்தேன். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் தாளிலேயே புரோகிராம் எழுதி, மனத்துக்குள் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு அது சுலபமாக வந்தது. எங்கே தப்பும் என்பதை ஓடுவதற்கு முன்பே பார்த்துவிடுவேன். வகுப்பில் என்னிடம்தான் மற்றவர்கள் தாளை நீட்டுவார்கள்.

பதினோரு இடத்துக்கு மனுப் போட்டேன். இரண்டு இடத்திலிருந்து ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. ஒன்று கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனம். இன்னொன்று பினாங்கிலேயே, பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. இரண்டு கடிதத்திலும் ஜூனியர் புரோகிராமர் என்றுதான் இருந்தது. ஆனால் வேலை ஒன்றில்லை. கோலாலம்பூரில் ஆறு மாதப் பயிற்சி, அதற்குப் பிறகு சொந்தமாகப் புரோகிராம் எழுத வேண்டும். தொழிற்சாலையில், நேர்முகத்துக்குப் போனபோதே அங்கிருந்த மேற்பார்வையாளர் உண்மையைச் சொல்லிவிட்டார்: முதல் இரண்டு வருடம் கம்ப்யூட்டரில் டேப் மாற்றுவதும் அறிக்கை அச்சடித்துக் கொடுப்பதும்தான், அப்புறம் பார்க்கலாம். சம்பளம் மட்டும் எழுபது வெள்ளி அதிகம். தொழிற்சாலை பஸ் எங்கள் பிளாட்டுக்குக் கீழேயே வந்து நிற்கும்.

கோலாலம்பூர்ச் சோதனையை நான் மறக்கவில்லை. ஃபெரியில் பட்டர்வொர்த்துக்குப் போய் ரயில் ஏறி முதல் தடவையாகத் தனியாகப் போனேன். ஒரு கணக்கைக் கொடுத்து அதற்கு ஓட்டப்படம், அதாவது ஃப்ளோசார்ட், வரையச் சொன்னார்கள். என் தாளை வாங்கிய பெண் அதிகாரி பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். “இப்படி வரைய யார் கற்றுக்கொடுத்தது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “நானேதான்” என்றேன். திரும்பி வரும்போது ரயில் முழுவதும் அந்தக் கேள்வியையும் பதிலையும் நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஆக, எனக்கு முடிவு தெரிந்தே இருந்தது. பதினான்கு நாளுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

அப்பா மிகப் பெருந்தன்மையாக இருந்தார். “எங்க வேணும்னாலும் போம்மா. படிச்ச புள்ள நீ. முடிவு உன்னுது” என்றார். கீழே காப்பிக்கடையில் போய், கோலாலம்பூரை எல்லாரும் போலச் சுருக்கி, “கேஎல்லு கூப்புடுது லா எம் மகள. கம்பெனிக்காரன் தாளப் பாத்து அசந்துட்டானாம்” என்று சொன்னது மேலே எங்களுக்கே கேட்டது. அம்மாதான் பயந்தார். “அங்க யாரு இருக்கா? காய்ச்ச வந்தா ஒரு கஞ்சி வச்சிக் குடுக்க ஆளு உண்டா?” என்று கேட்டு, வெங்காயம் இல்லாமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அப்பா சொன்னார்: “உங்கம்மாவ இப்படியே அழுவ விட்டுட்டுப் போகக் கூடாது. ஆத்தாகிட்ட ஒரு வார்த்த கேட்டுடலாம். பூக்கட்டிப் பாத்துருவோம். செவப்பு வந்துச்சுன்னா கேஎல்லு, வெள்ள வந்துச்சுன்னா பினாங்கு. ஆத்தா சொன்னதுக்கு அப்புறம் இந்த வீட்டுல ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. என்ன சொல்ற?”

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கும் வீடு மாறுவதற்கும் பூக்கட்டிப் பார்க்காதவர்கள் இல்லை. இரண்டு நிறத்துப் பூவை ஒரே மாதிரி வெற்றிலையில் மடித்து, நூலால் கட்டி, அம்மன் காலடியில் வைத்து எடுப்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சரி என்றேன். சிவப்பு வந்துவிட்டால் அம்மாவின் அழுகை நிற்கும், நான் நிம்மதியாகக் கிளம்பலாம் என்று நினைத்தேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதை நியாயமான பந்தயமாக நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை. அப்பா குளித்து வேட்டி கட்டி, கோயில் ஓரத்தில் நிற்கும் செடிகளிலிருந்து தானே பூப் பறித்து, தானே மடித்துக் கொண்டுவந்தார். பூசாரி சூடம் காட்டினார். அம்மா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“சின்னப் புள்ளைங்க யாரையாச்சும் எடுக்கச் சொல்லுவோமா?” என்று பூசாரி கேட்டார்.

“வேணாம். அவளே எடுக்கட்டும். அப்புறம் யாரையும் குத்தம் சொல்லக் கூடாது பாருங்க” என்றார் அப்பா.

நான் எடுத்தேன். இடதுபக்கத்துப் பொட்டலம். பூசாரி பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளை.

“ஆத்தா உத்தரவு” என்றார் பூசாரி. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பா என் தலையில் கை வைத்து, “வருத்தப்படாதம்மா” என்றார். மற்றப் பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாகிவிடும். சோதிக்காத எதையும் நம்பாதே என்று இரண்டு வருடம் படித்த நானும் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் கல்லூரித் தட்டச்சுப் பொறியில் கோலாலம்பூருக்குக் கடிதம் அடித்தேன். குடும்பக் காரணத்தால் ஏற்க இயலவில்லை, வருந்துகிறேன். மூன்று தடவை அடித்து மூன்றாவதைக் கையெழுத்திட்டு அனுப்பினேன். அம்மா அடுத்த வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்.

தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் அறை குளிராக இருக்கும். காலையில் முதல் வேலை, இரவு ஓடிய அறிக்கைகளைப் பிரிண்டரிலிருந்து எடுத்து, இரண்டு ஓரமும் துளைபோட்ட காகிதப் பட்டியைக் கிழித்து, பிரிவு பிரிவாகக் கட்டி, கட்டடம் முழுக்க நடந்து கொடுத்துவிட்டு வருவது. அடுத்தது டேப். புரோகிராம் எழுதுகிறவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். நான் கொடுக்கும் தாள்களில் சில இடங்களில் தவறு இருப்பது எனக்குத் தெரியும். ஒரு தடவை சொன்னேன். “டேப்பை மாற்றியாயிற்றா?” என்று பதில் வந்தது. டேப்பை மாற்றப் போனேன். அம்மன் சொன்னது என்று நம்பவில்லை. ஆனால் நானே கையை நீட்டி எடுத்தது, தோற்றுவிட்டேன், அழக்கூடாது என்று இருந்தேன். தோற்றதை ஒழுங்காக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசாரியின் மனைவி பிள்ளையின் பிறப்புப் பத்திரத்துக்குப் பாரம் நிரப்ப வந்தார். அப்பா வெளியே போயிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தார். நான் எழுதிக்கொண்டிருக்க, அந்த அக்கா காலை நீட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

“எப்படியோ நீ இங்கயே தங்கிட்ட. நல்லதாப் போச்சு. கேஎல்லுக்குப் போயிருந்தா இந்த ஃபோரத்த நான் யாருகிட்ட தூக்கிட்டு அலையிறது? ஆனா ஒண்ணு, அன்னிக்கு நீ மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னியே, நெனச்சா இன்னிக்கும் எனக்குச் சிரிப்பு வருது.”

“என்னக்கா சிரிப்பு?”

“அட, என்கிட்டயேவா? மறுநா காலையில நான்தானே கோயிலக் கூட்டி அள்ளுனேன். இன்னொரு பொட்டலமும் வெள்ளதானே! உங்கப்பாகிட்டயே கேட்டுப்புட்டேன். ‘பாப்பா உள்ளுக்குள்ள பயப்படுது லா. போக மாட்டேன்னு வாயால சொல்ல வெக்கமா இருக்கு. அதான் ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டோம், யாருகிட்டயும் சொல்லாத’ன்னாரு. நானும் எங்க வீட்டுக்காரருகிட்ட மட்டுந்தான் சொன்னேன். நல்லாத்தான் நடிச்ச போ!”

நான் பாரத்தில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் இருந்தேன். அதை எழுதினேன். மிச்சக் கட்டங்களையும் எழுதினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தேன். அந்த அக்கா என் கன்னத்தைத் தொட்டுத் தன் விரலை முத்தமிட்டுவிட்டுப் போனார்.

அப்பா ஏமாற்றியதைவிட, நான் பயந்துவிட்டதாகச் சொன்னதுதான் முதலில் சுட்டது. என்னை நன்றாகத் தெரிந்த ஒருவர் சொன்ன பொய் அது. எதைச் சொன்னால் எனக்கு வலிக்கும் என்று தெரிந்து சொல்லவில்லை. எதைச் சொன்னால் ஊர் நம்பும் என்று யோசித்துச் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் அப்பா வந்தார். அடுத்த ஞாயிறு பொதுக்கூட்டம். நான் முன்பே எழுதி வைத்திருந்த குறிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

“ரெண்டாவது பொட்டலத்துல என்னப்பா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

கண்ணாடியை மேசையில் வைத்தார். “யாரு சொன்னா?”

“என்ன இருந்துச்சு?”

“பூதான்.”

“என்ன கலரு?”

அப்பா நோட்டை மூடினார். அம்மா கரண்டியோடு வந்து நின்றார். “என்ன பொட்டலம்? என்னடி கேக்குற?”

“ரெண்டும் வெள்ளைமா. நான் எதை எடுத்திருந்தாலும் பினாங்குதான்.”

அம்மா அப்பாவைப் பார்த்தார். “சூடம் கொளுத்தி வச்சிட்டா இத செஞ்ச? ஆத்தா முன்னாலயா? அவ சொல்லிட்டான்னு நான் பொங்கல் வச்சேனே, மனுசா! எவளுக்கு வச்சேன் நான்?”

அப்பாவுக்கு அம்மாவிடம்தான் முதலில் பேச்சு வந்தது. “நீதானே அழுத? உனக்காகவும்தானே செஞ்சேன்?”

“நான் அழுதா அழுதுட்டுப் போறேன். பெத்தவ அழுவா. அதுக்காக நீ சாமிய ஏமாத்துவியா?”

“அப்பா,” என்றேன், “என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? போவாதம்மா, எனக்கு ஆள் வேணும்னு ஒரு வார்த்த.”

“கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்ப.” குரல் உயர்ந்தது. “யாரு உன்னப் படிக்க வச்சது? இந்தத் தோளப் பாரு. பத்து வயசுப் புள்ளையெல்லாம் எங்கூரு ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போச்சு. நான் உன்ன ஸ்கூலுக்கு அனுப்புனேன். ஒரு ரெண்டு வருசம் இங்க இருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போவும்? நீ போயிட்டா அந்தக் கூட்டத்துல நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?”

அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. காய்ச்சலும் கஞ்சியும் தனியாகப் போகும் பெண்ணைப் பற்றிய பயமும் எதுவும் இல்லை. நோட்டுப் புத்தகம்தான் காரணம். வருடத்துக்கு ஒரு நாள் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுந்து நிற்கும் அந்த அரைமணி நேரம்.

கேட்டிருந்தால் தங்கியிருப்பேனா என்று நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு வருடமாவது தங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கோபப்பட்டிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு தங்கியிருப்பேன். அவர் என்னிடம் கேட்கக்கூட இல்லை என்பதைத்தான் என்னால் விட முடியவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் கைநிறையச் சில்லறையோடு பொதுத் தொலைபேசியிலிருந்து கோலாலம்பூருக்குக் கூப்பிட்டேன். அந்தப் பெண் அதிகாரி என்னை ஞாபகம் வைத்திருந்தார். இடம் நிரம்பிவிட்டது, பயிற்சியும் பாதி முடிந்துவிட்டது என்றார். “நீங்கள் வருவீர்கள் என்று உறுதியாக நினைத்தேன்” என்று சொன்னார். சில்லறை மிச்சம் இருந்தது. ரிசீவரை மாட்டினேன்.

அந்த வாரம் நோட்டு டிவிக்கு மேலேயே கிடந்தது. புதன்கிழமை அப்பா அதை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் சாப்பிட்டு எழுந்தேன். சனிக்கிழமை மறுபடியும் வைத்தார். வாய் திறந்து கேட்கவில்லை. நானும் தொடவில்லை.

ஞாயிறு காலை கூட்டத்துக்கு நானும் போனேன். எதற்குப் போனேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் நோட்டைத் திறந்து நிற்பதைப் பார்க்கத்தான் போனேன். பெண்கள் பக்கம், தூணுக்கு அருகில், அவர் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

தலைவர், “செயலாளர் போன வருசக் குறிப்ப வாசிப்பாரு” என்றார். அப்பா எழுந்தார். நோட்டைத் திறந்தார். சட்டைப் பையைத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார்.

“அடடா, கண்ணாடிய வீட்டுல விட்டுட்டேன் லா. பொருளாளர் தம்பி, நீங்க கொஞ்சம் வாசிச்சிடுங்களேன்.”

“செயலாளருக்கு வயசாயிடுச்சு டோய்!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மளிகைக்கடை வைத்திருக்கும் பொருளாளர் நோட்டை வாங்கி, திக்கித் திக்கி முழுவதையும் வாசித்தார். கை தட்டினார்கள். அப்பாவையே அடுத்த வருடத்துக்கும் செயலாளராகப் போட்டார்கள். யாரும் எதிர்க்கவில்லை.

அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம். அது இவ்வளவு காலமும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்திருக்கிறது. நான் கோலாலம்பூரில் இருந்திருந்தாலும் அதை அவர் சொல்லியிருப்பார், ஊர் சிரித்திருக்கும், கை தட்டியிருக்கும். நான் இல்லாமல் அவர் முடங்கிவிட மாட்டார் என்று தெரிந்தபோது, அவருக்கு நான் கட்டாயம் வேண்டியிருந்தது என்ற என் ஒரே ஆறுதலும் போயிற்று.

அன்று மாலையே மறுபடியும் மனுக்கள் எழுத ஆரம்பித்தேன். திரும்பும் முகவரியாக அம்மா வேலை செய்யும் காப்பிக்கடை முகவரியைக் கொடுத்தேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. கடிதம் வந்தால் பிரிக்காமல், மடிக்காமல், பாத்திரம் துடைக்கும் துணிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்.

ஒரு வருடத்துக்கும் மேலாயிற்று. மறுபடியும் இரண்டு இடம் வந்தது. கோலாலம்பூரில் ஒரு வங்கி, சிங்கப்பூரில் ஒரு கப்பல் நிறுவனம். வங்கியில்தான் எனக்குப் பிடித்த வேலை. சிங்கப்பூரில் ஏற்கெனவே யாரோ எழுதிய புரோகிராம்களைத் திருத்துவது. தொழிற்சாலை உணவகத்தில் உட்கார்ந்து, ஒரு தேநீர் குடித்து முடிக்கும் முன் சிங்கப்பூர்க் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அது தூரமாக இருந்தது. ஊரைத் தேர்ந்தெடுக்க அது நல்ல காரணம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பெண்ணாகத்தான் நான் முன்பு இருந்தேன்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், அப்பா சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தபோது, அந்தச் சிங்கப்பூர்க் கடிதத்தை அவரிடம் நீட்டினேன்.

“வேல கெடச்சிருக்குப்பா.”

வாங்கினார். மேலே கம்பெனி முத்திரை இருந்ததால் தலைகீழாக இல்லாமல் சரியாகப் பிடித்தார். கண் வரிவரியாகக் கீழே இறங்கியது. எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் அந்தப் பார்வையை. “நல்ல கம்பெனிதான் போல” என்றார்.

“எந்த ஊருன்னு போட்டிருக்கு?” என்றேன்.

அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்பா கடிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திடமாகச் சொன்னார்.

“கேஎல்லு.”

நான் கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே காப்பிக்கடைக்கு இறங்கினார். “எம் மகள மறுபடியும் கேஎல்லு கூப்புடுது லா” என்று அவர் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. அம்மா ஈரக் கையோடு வாசல் வரைக்கும் வந்து என்னைப் பார்த்தார். நான் அப்பாவைத் திருத்தப் போகவில்லை. அம்மாவும் போகவில்லை.